பட்டனை தட்டினா ஸ்டார்ட்… கண்ணை மூடி திறந்தா அபேஸ்! செகண்ட் ஹேண்ட் எஸ்.யு.வி. வாங்குறவங்க உஷார்

சென்னை:

"சார், சாவியை பாக்கெட்ல இருந்து எடுக்கவே வேணாம். கிட்ட போனா கதவு திறக்கும். பட்டனை தட்டினா வண்டி உறுமும். ராஜா மாதிரி போகலாம்!"

பழைய கார் விற்கும் புரோக்கர்கள் இப்படித்தான் ஆசை காட்டுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. பாக்கெட்டில் இருந்து சாவியை எடுக்காமல் நீங்கள் மட்டும்தான் வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியும் என்பதில்லை. விவரம் தெரிந்த திருடனும் பண்ணுவான்!

பத்து வருஷத்துக்கு முன்னால் பணக்காரர்கள் மட்டும் ஓட்டிய பெரிய எஸ்.யு.வி.க்கள் இப்போது புது சின்ன கார் விலைக்கு செகண்ட் ஹேண்டில் வந்து நிற்கின்றன. டிராவல்ஸ் நடத்துபவர்கள், சின்ன காண்டிராக்டர்கள், கடை வைத்திருப்பவர்கள், சம்பளத்துக்கு ஓட்டி காசு சேர்த்த டிரைவர்கள் எல்லாரும் கடன் வாங்கியாவது ஒன்றை வாங்கி விட வேண்டும் என்று பார்க்கிறார்கள்.

இப்படி வாங்கிய வண்டி ஒரே ராத்திரியில் காணாமல் போனால் என்ன ஆகும்? வண்டி போய்விடும். மாதத் தவணை மட்டும் போகாது. அதனால்தான் இந்த விவரங்களை முழுசா படிச்சுடுங்க.

அண்ணா நகரில் நடந்தது

இது ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2025-ம் ஆண்டு சென்னை அண்ணா நகரில் வீட்டு வாசலில் நின்ற சொகுசு கார் ஒன்று திருட்டு போனது. கண்காணிப்பு கேமரா காட்சிகளை வைத்து துப்பு துலக்கிய போலீசார், வெளிமாநில ஆசாமி ஒருவரை புதுச்சேரியில் வைத்து மடக்கினர். நவீன கருவிகளை பயன்படுத்தி பல மாநிலங்களில் கைவரிசை காட்டியவர் என்று விசாரணையில் தெரிய வந்தது.

கம்பி விட்டு கதவை நெம்புவதும், ஒயரை பிய்த்து முடிச்சு போடுவதும் பழைய ஸ்டைல். இப்போது கையில் டேப்லெட்டும் ஆன்டெனாவும் வைத்துக் கொண்டு சத்தமே இல்லாமல் வேலையை முடிக்கிறார்கள்.

சாவி இல்லாம எப்படி திறக்குது?

முதலில் இந்த சாவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். அப்போதுதான் திருட்டு புரியும்.

நீங்கள் கைப்பிடியை தொட்டதும் கார் மெதுவாக ஒரு சிக்னல் விடும். இது 125 கிலோ ஹெர்ட்ஸ் அளவிலான பலம் குறைந்த சிக்னல். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தை தாண்டாது. "யாருப்பா அங்கே?" என்று கார் கேட்பது போல வைத்துக் கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் இருக்கும் சாவி அதை கேட்டு விழித்துக் கொள்ளும். உடனே தன் ரகசிய பதிலை இன்னொரு அலைவரிசையில் திருப்பி அனுப்பும். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான கார்களில் இது 433 மெகா ஹெர்ட்ஸ். பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும்.

ஒவ்வொரு தடவையும் பதில் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த ரகசிய எண்ணை கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் திருடன் அதை கண்டுபிடிக்கவே வேண்டாம் என்பதுதான் வேடிக்கை!

இரண்டு பேர் போதும்

வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார். ரகசிய வார்த்தை சொன்னால்தான் உள்ளே விடுவார். வீட்டுக்காரர் படுக்கை அறையில் தூங்குகிறார். ஒரு ஆசாமி வாட்ச்மேன் முன்னால் போனை நீட்டுகிறான். இன்னொரு ஆசாமி படுக்கை அறை ஜன்னலில் போனை ஸ்பீக்கரில் வைக்கிறான். வாட்ச்மேன் "யாரு?" என்று கேட்க, வீட்டுக்காரர் தூக்கத்திலேயே ரகசிய வார்த்தையை உளறி விடுகிறார். குரல் சரியாக இருக்கிறதே என்று வாட்ச்மேன் கதவை திறந்து விடுகிறார்!

கார் திருட்டிலும் இதேதான் நடக்கிறது. ஒருவன் காருக்கு பக்கத்தில் கருவியோடு நிற்பான். இன்னொருவன் வீட்டு கதவு, ஜன்னல் ஓரமாக ஆன்டெனாவோடு போவான். உள்ளே ஆணியில் தொங்கும் சாவியின் சிக்னல் அவன் கருவி வழியாக காருக்கு போய் சேரும். சாவி பக்கத்திலேயே இருப்பதாக கார் நினைத்துக் கொள்ளும். இதற்கு ரிலே திருட்டு என்று பெயர்.

சுவிட்சர்லாந்தில் உள்ள இ.டி.எச். ஜூரிச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ம் ஆண்டிலேயே இதை செய்து காட்டி விட்டார்கள். 8 கம்பெனிகளின் 10 மாடல் கார்களை சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன.

2017-ம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீசார் ஒரு கேமரா காட்சியை வெளியிட்டனர். சோலிஹல் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் நின்ற மெர்சிடிஸ் காரை இரண்டு பேர் இதே முறையில் ஓட்டிக் கொண்டு போனார்கள். சுமார் ஒரு நிமிஷம்தான் ஆனது!

பாதி வழியில் வண்டி நிற்காதா?

நல்ல கேள்வி. சாவி வீட்டுக்குள்ளே இருக்கு, வண்டி தெருமுனை தாண்டினதும் நின்னுடாதா?

நிற்காது! ஓடுகிற வண்டி நடுரோட்டில் திடீரென நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் "சாவி இல்லை" என்று டிஸ்பிளேயில் எச்சரிக்கை மட்டும் வரும். என்ஜின் தானாக அணையாது.

ஆக்டிங் டிரைவர்களுக்கு இது நன்றாக தெரியும். ஓனரை எழும்பூர் ஸ்டேஷனில் இறக்கி விட்டு வண்டியை எடுத்து வருவார்கள். சாவி ஓனர் பாக்கெட்டிலேயே ரெயில் ஏறியிருக்கும். தாம்பரம் வரை வண்டி ஜம்மென்று வரும். பெட்ரோல் பங்க்கில் ஆப் பண்ணினால் அவ்வளவுதான், மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

திருடனும் அதே மாதிரிதான். ஆப் பண்ணாமல் தன் இடத்துக்கு ஓட்டிப் போய் விடுவான். அங்கே போய் சாவகாசமாக புது சாவி போட்டுக் கொள்வான்.

இன்னும் இரண்டு வழி

ரிலே மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம்.

டேஷ்போர்டுக்கு கீழே ஓ.பி.டி. போர்ட் என்று ஒன்று இருக்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டுவார்களே, அதே இடம்தான். சாவி தொலைந்தால் அங்கே கருவியை மாட்டித்தான் புது சாவியை பதிவு செய்வார்கள். திருடர்கள் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்து, அதே போர்ட்டில் கருவியை செருகி, காலி சாவி ஒன்றை பதிவு செய்து கொள்கிறார்கள். இதற்கு உங்கள் சாவி பக்கத்திலேயே வர வேண்டியதில்லை.

அடுத்தது ஹெட்லைட் வழி. லண்டனில் நடந்த ஒரு திருட்டை ஆராய்ந்ததில் 2023-ம் ஆண்டு இது உலகத்துக்கு தெரிந்தது. பம்பரை இழுத்து, ஹெட்லைட்டுக்கு போகும் ஒயரில் கருவியை மாட்டி, "சாவி வந்தாச்சு, திற" என்று காரின் கம்ப்யூட்டருக்கு பொய் தகவல் அனுப்பினார்கள். வண்டியும் நம்பி விட்டது.

அப்போ பழைய சாவியே மேலா?

அதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு ஹூண்டாய், கியா கார்களை பள்ளிக்கூட பையன்கள் கூட திருடிக் கொண்டு போனார்கள். சாவி போட்டு திருகும் சாதாரண மாடல்கள் அவை. சாவிக்குள் இருக்கும் சிப்பை சோதிக்கும் இம்மொபிலைசர் அவற்றில் இல்லை. ஸ்டீயரிங் கீழே கவரை பிய்த்து, யு.எஸ்.பி. கேபிள் முனையால் திருகியே ஸ்டார்ட் செய்தார்கள்.

ஆக, பட்டனா திருகு சாவியா என்பது மட்டும் விஷயம் இல்லை. திருகு சாவி வண்டி என்றாலும் இம்மொபிலைசர் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் ரிலே திருட்டு பயம் இல்லை. ஓ.பி.டி. திருட்டு பயம் மட்டும் மிச்சம் இருக்கும்.

புதிதாக வரும் சில உயர் ரக கார்களில் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற முறை இருக்கிறது. சிக்னல் போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட்டு, சாவி நிஜமாகவே பக்கத்தில் இருக்கிறதா என்று கார் பார்த்துக் கொள்ளும். சில சாவிகளில் அசைவு சென்சார் உண்டு. ஆணியில் சும்மா தொங்கினால் கொஞ்ச நேரத்தில் தூங்கி விடும். தூங்கும் சாவியிடம் திருடன் கேட்டாலும் பதில் வராது. ஆனால் செகண்ட் ஹேண்டில் வரும் பழைய வண்டிகளில் இதை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

வசதியும் நிஜம்தான்

சாவி இல்லாத முறையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐப்பசி மழையில் ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் காய்கறி பையுமாக நிற்கும் அம்மாவுக்கு அது பெரிய உதவி. ராத்திரி வேளையில் தனியாக பார்க்கிங்குக்கு வரும் பெண் சாவியை தேடிக் கொண்டு நிற்க வேண்டாம். நாளைக்கு இருபது தடவை இறங்கி ஏறும் டிரைவருக்கும் சவுகரியம்.

அதனால் கேள்வியை மாற்றி கேளுங்கள். ராத்திரி உங்க வண்டி எங்கே நிற்கும்? பூட்டிய கேட்டுக்குள் நிற்கும் என்றால் பட்டன் ஸ்டார்ட் வண்டியை கொஞ்சம் முன்ஜாக்கிரதையோடு வாங்கலாம். தெருவில்தான் நிற்கும் என்றால் அதே மாடலில் திருகு சாவி போட்ட கீழ் ரகத்தை பாருங்கள். விலையும் குறைவாக இருக்கும். இல்லை, பட்டன்தான் வேணும் என்றால் கூடுதல் பூட்டுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

வாங்கும் முன் இதை பாருங்க

1. இரண்டு சாவியும் வேண்டும். "ஒண்ணு தொலைஞ்சு போச்சு" என்று சொன்னால் உஷார். தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கு தெரியாது. திருட்டு போனால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இரண்டு சாவியையும் கேட்கும்.

2. வண்டியில் எத்தனை சாவி பதிவாகி இருக்கிறது என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்க்க சொல்லுங்கள். கையில் இரண்டு இருக்க, கணக்கில் மூன்று காட்டினால் விவகாரம்தான். எப்படி இருந்தாலும் பழைய பதிவுகளை எல்லாம் அழித்து விட்டு, உங்கள் கையில் உள்ள சாவிகளை மட்டும் புதிதாக பதிவு செய்து கொள்ளுங்கள். இதற்கு ஆகும் செலவை விலை பேசும்போதே கழித்துக் கொள்ளுங்கள்.

3. செல்போன் ஆப் மூலம் கதவு திறக்கும் வண்டியா? பழைய ஓனரின் கணக்கை நீக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இல்லையென்றால் அவர் வீட்டில் உட்கார்ந்து கொண்டே உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

4. சேஸிஸ் நம்பரை பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தேய்த்த தடம், வெல்டிங் தடம் இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டு விடுங்கள்.

5. எம்-பரிவாகன் செயலியில் நம்பரை போட்டால் ஆர்.சி., இன்சூரன்ஸ் விவரம் வரும். கடன் பாக்கி, அபராத பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். தேசிய குற்ற ஆவண காப்பகத்தின் இணையதள சேவையில் அது திருட்டு வண்டியா என்றும் பார்க்கலாம். வெளிமாநில வண்டி என்றால் இதை கட்டாயம் செய்யுங்கள். அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லா சான்றும் வாங்க வேண்டும்.

6. டீலரிடம் வாங்கினால் அங்கீகார சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் பதிவு செய்து சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

7. வேகமாக ஓட வைப்பதற்காக என்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி ரீமேப் செய்த வண்டியா என்று கேளுங்கள். சீறிப் பாயும், சந்தோஷமாகத்தான் இருக்கும். டர்போவும் கிளட்ச்சும் சீக்கிரம் போகும். இன்சூரன்சிலும் தகராறு வரும். பெரிய எஸ்.யு.வி.யின் டயர், பிரேக் விலையையும் முன்கூட்டியே விசாரித்து விடுங்கள்.

திருட்டு வண்டி என்று தெரிந்தோ, தெரிய வாய்ப்பு இருந்தோ சல்லிசாக வருகிறதே என்று வாங்கினால் வாங்கியவருக்கும் சிக்கல். பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்கு இடம் இருக்கிறது.

பேர் மாத்தலையா? போச்சு!

நம்ம ஆளுங்க பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஆர்.சி.யில் பெயர் மாற்றாமலே ஓட்டுவார்கள். படிவம் 29, படிவம் 30 கொடுத்து பெயரை மாற்றுங்கள். கடன் முடிந்த வண்டி என்றால் படிவம் 35-ம் வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

பாலிசி பழைய ஓனர் பெயரில் இருக்கும்போது வண்டி திருட்டு போனால் வண்டி உங்களுடையது இல்லை என்று கம்பெனி கையை விரித்து விடும். பழைய ஓனரோ வண்டியை விற்று பணம் வாங்கி விட்டவர். நடுவில் மாட்டுவது நீங்கள்தான்.

வெறும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா கூட கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும் ஐ.டி.வி. என்று போட்டிருக்கும் தொகையை வைத்துத்தான் தருவார்கள். ஒரு கணக்கு பாருங்கள். ஐ.டி.வி. 9 லட்சம், கடன் பாக்கி 10 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். வருகிற பணம் முதலில் பேங்குக்கு போகும். வண்டியும் இல்லாமல் நீங்கள் கையில் இருந்து இன்னும் ஒரு லட்சம் கட்ட வேண்டும். அதனால் பிரீமியத்தை குறைக்க ஐ.டி.வி.யை குறைத்து போடாதீர்கள்.

ராத்திரி என்ன செய்யணும்?

சாவியை வாசல் பக்கத்து ஆணியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், வெளிச்சுவரில் இருந்து தள்ளி வையுங்கள். ஸ்பேர் சாவிக்கும் இதே விதிதான்.

சிக்னலை தடுக்கும் பவுச் கடைகளில் கிடைக்கிறது. வாங்கியதும் நம்பி விடாதீர்கள். சாவியை அதற்குள் போட்டு, காருக்கு பக்கத்தில் போய் கைப்பிடியை தொடுங்கள். திறந்தால் பவுச் வேஸ்ட். நாள்பட உள்ளே உள்ள துணி கிழிந்தாலும் சிக்னல் வெளியே போகும். மாதம் ஒரு தடவை இந்த சோதனையை செய்யுங்கள்.

சில கார்களில் சாவி இல்லாத வசதியையே செட்டிங்கில் அணைத்து வைக்கலாம். சில சாவிகளை பட்டனை அழுத்தி தூங்க வைக்கலாம். வண்டியின் கையேட்டில் இருக்கும், சர்வீஸ் சென்டரில் கேட்டாலும் சொல்வார்கள்.

அதோடு பழைய காலத்து ஸ்டீயரிங் பூட்டு ஒன்றையும் மாட்டுங்கள். ரிலே, ஓ.பி.டி., ஹெட்லைட் என்று எந்த வழியில் வந்தாலும் இரும்பு பூட்டை சிக்னல் திறக்காது. அறுக்கணும். அறுத்தால் சத்தம் வரும், நேரமும் ஆகும். ஓ.பி.டி. போர்ட்டுக்கும் தனி பூட்டு உண்டு. கண்ணில் படாத இடத்தில் ஜி.பி.எஸ். ஒன்றும் வைத்தால் போலீசாருக்கு தேட வழி கிடைக்கும்.

மால், கல்யாண மண்டப பார்க்கிங்கில் ரிமோட்டை அமுக்கி விட்டு திரும்பி பார்க்காமல் போகாதீர்கள். சிக்னலை ஜாம் செய்து கதவை பூட்ட விடாமல் தடுக்கும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்து பார்த்து விட்டு கிளம்புங்கள். வேலட் பார்க்கிங் பையனிடம் சாவி கொடுத்தால், உங்களிடம் கொடுத்த சாவியையே திருப்பி தருகிறாரா என்றும் பாருங்கள்.

காரா? உசுரா?

நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் டொராண்டோவில் கார் திருட்டு பெரிய தலைவலி. 2024-ம் ஆண்டு அங்கே ஒரு பொதுமக்கள் கூட்டத்தில் பேசிய போலீஸ்காரர் ஒருவர், திருடர்கள் வீட்டுக்குள் புகுந்து தாக்காமல் இருக்க சாவியை சிக்னல் தடுக்கும் பையில் போட்டு வாசலிலேயே வைத்து விடுங்கள் என்று யோசனை சொன்னார். "திருடனுக்கு நாங்களே சாவி எடுத்து கொடுக்கணுமா?" என்று மக்கள் கொதித்து போனார்கள்.

அந்த யோசனை சரியோ தவறோ, அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. சிக்னல் கிடைக்காத திருடன் சாவியை தேடி வீட்டுக்குள் வந்தால், அவனோடு மல்லுக்கட்ட வேண்டாம். காரை திரும்ப வாங்கிக் கொள்ளலாம்.

திருட்டு போனா உடனே…

100 அல்லது 112-க்கு போன் போடுங்கள். ஜி.பி.எஸ். இருந்தால் போலீசாரிடம் காட்டுங்கள், நீங்களே துரத்திப் போகாதீர்கள். அன்றே ஸ்டேஷனில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். அதே நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், கடன் கொடுத்த பேங்குக்கும், ஆர்.டி.ஓ.வுக்கும் தகவல் சொல்லுங்கள்.

கம்பெனிக்கு தகவல் சொல்ல தாமதமாகி விட்டால்? 2020-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு ஒரு முக்கிய தீர்ப்பு சொல்லி இருக்கிறது. திருட்டு நடந்ததும் போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு தாமதமாக சொன்னதை மட்டும் காரணம் காட்டி பணத்தை மறுக்க முடியாது என்பதே அந்த தீர்ப்பு. ஆகவே முதல் ஓட்டம் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான்.

வண்டியை கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீசார் கொடுக்கும் சான்று வந்த பிறகுதான் பெரும்பாலும் பணம் கைக்கு வரும். அதுவரை தவணையை நிறுத்தாமல் கட்டி வாருங்கள்.

ஏற்கனவே இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கு ராத்திரியே ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமாக சாவி தொங்கும் இடத்தில் அதை மாட்டுங்கள். வெளியே போய் கார் கைப்பிடியை இழுத்து பாருங்கள். திருடன் கருவி எதுவும் இல்லாமலேயே கதவு திறந்து கொண்டால், அந்த ஆணியை முதலில் பிடுங்கி எறியுங்கள்!